பழிவாங்கும் நாயகனை மேடையை விட்டு இறக்காதீர்கள்

வன்னிப் பாடசாலைகளுக்கான நாடகப் போட்டியை நடத்தும் குழுவினருக்கும் நடுவர்களுக்கும்,

இம்முறை போட்டிக்கு நீங்கள் அனுப்பிய விதிகளில் இரண்டு புதியவை. பழிவாங்கலை மையமாகக் கொண்ட கதைகளைத் தவிர்க்க வேண்டும் என்பது ஒன்று. அப்படியொரு கதையை எடுத்தால் நாயகன் இறுதியில் மன்னிப்பதாக முடிக்க வேண்டும் என்பது மற்றது. இந்த விதியைக் காட்டி, ஷேக்ஸ்பியரின் ‘ஹம்லெற்’ நாடகத்தின் தமிழ்ச் சுருக்கம் ஒன்று திருத்தக் குறிப்புகளோடு திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறது. அரசன் பிரார்த்தனை செய்யும் காட்சியை எடுத்துவிட வேண்டுமாம். கடிதம் மாற்றும் பகுதியையும் எடுத்துவிட வேண்டுமாம். கடைசியில் ஹம்லெற் வாளைக் கீழே போட்டுவிட வேண்டுமாம். கோவலன் கூத்தில் மதுரை எரிவதையும் சுருக்கலாம் என்று வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறீர்கள்.

இந்தப் பிரதேசத்தில் கூத்தும் நாடகமும் பழக்கிவரும் எங்களால் இதை ஏற்றுக்கொள்ள முடியாது. விதியை மீளப்பெறும்படி கேட்டுத்தான் இதை எழுதுகிறோம்.

உங்கள் காரணம் எங்களுக்கு விளங்குகிறது. போரில் எல்லாம் இழந்த குடும்பங்களின் பிள்ளைகள் இவர்கள், இவர்கள் மனதில் பழியுணர்ச்சியை விதைக்கக் கூடாது என்கிறீர்கள். அந்தக் கரிசனை எங்களுக்கும் உண்டு. ஆனால் பழிவாங்குபவனை நாயகனாக வைத்த துன்பியல் நாடகம் பழிவாங்கச் சொல்லித் தருகிறது என்று எடுத்துக்கொண்டீர்களே, அங்கேதான் பிழை. நீங்கள் வெட்டச் சொன்ன மூன்று இடங்களிலும்தான் அந்த நாடகம் பழியை நிறுத்துப் பார்க்கிறது. அவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அடிதடிக் கதை.

முதலில் இளவரசன் ஹம்லெற்றின் நிலையைப் பாருங்கள். தந்தையைக் கொன்றவன் சிற்றப்பன் கிளோடியஸ். அவனே இப்போது அரசன், ஹம்லெற்றின் தாயையும் மணந்துகொண்டான். கொலைகாரரை வேந்தன் தண்டிப்பது பயிருக்குள் களை எடுப்பதற்கு ஒப்பு என்கிறது 550ஆம் குறள். அந்த வேந்தனே கொலைகாரனானால் வழக்கை எங்கே கொண்டுபோவது? சாட்சி ஒன்றுதான் உண்டு, அதுவும் செத்த தந்தையின் ஆவி. அது சொன்னதைக் கொண்டு ஒருவரைக் கொல்லலாமா என்ற ஐயம் ஹம்லெற்றுக்கே வருகிறது. அதனால்தான் அரசன் முன்னே கொலைக் கதை ஒன்றை நடிக்கவைத்து அவன் முகத்தைப் பார்க்கிறான். பழிவாங்கப் புறப்பட்டவன் முதலில் உண்மையைத் தேடுகிறான் என்பதே பிள்ளைகள் இந்த நாடகத்தில் படிக்கிற முதற் பாடம். ஆவியின் கட்டளையிலும் எல்லை போடப்பட்டிருக்கிறது. பழிவாங்கு, ஆனால் உன் மனதைக் கறைப்படுத்தாதே, தாய்க்குத் தீங்கு நினைக்காதே, அவளை வானத்திடம் விட்டுவிடு என்று அது சொல்கிறது. அந்த எல்லை எங்கெங்கே உடைகிறது என்பதுதான் மிச்ச நாடகம்.

முதல் உடைவு பிரார்த்தனைக் காட்சியில். கிளோடியஸ் தனியே மண்டியிட்டிருக்கிறான். பின்னால் ஹம்லெற் வாளை உருவியபடி வருகிறான். கொல்ல எல்லா வாய்ப்பும் இருந்தும் வாளை உறையில் போடுகிறான். இரக்கத்தால் என்று நினைத்துவிட வேண்டாம். பிரார்த்தனையில் இறந்தால் இவன் சொர்க்கம் போய்விடுவான், குடிபோதையிலோ கோபத்திலோ பாவத்தில் கிடக்கும்போது கொன்றால் நரகத்துக்கு அனுப்பலாம் என்று கணக்குப் போடுகிறான். நாயகன் இவ்வளவு கீழே இறங்கலாமா என்று உங்கள் குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். நாடகம் கேட்பதும் அதைத்தான்! உயிரை எடுப்பது போதாமல், செத்த பிறகும் வதைக்க வேண்டும் என்று ஒருவன் ஆசைப்படும்போது அவன் நீதி கேட்பதை விட்டு வெகுதூரம் வந்துவிட்டான். பார்ப்பவர் அதைக் கண்ணால் காண வேண்டும்.

அதே காட்சியில் கிளோடியஸ் தன்னைத்தானே கேட்கும் கேள்விக்காகவே இந்த நாடகத்தை வன்னியில் போட வேண்டும். பாவத்தால் கிடைத்த மணிமுடியையும் அரசியையும் கையில் வைத்துக்கொண்டே மன்னிப்புப் பெற முடியுமா என்று கேட்கிறான். முடியாது என்று அவனுக்கே தெரிகிறது. விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. எழும்பும்போது, சொற்கள் மேலே பறக்கின்றன, நினைவோ கீழேயே கிடக்கிறது என்கிறான். பிரார்த்தனை பலிக்கவில்லை. ஹம்லெற் போட்ட கணக்கும் தவறிவிட்டது. மன்னிப்பை வலியுறுத்தச் சொல்கிறீர்கள். உலக நாடகங்களில் மன்னிப்பைப் பற்றி இவ்வளவு நேர்மையாகப் பேசும் இடங்கள் மிகக் குறைவு. அதைத்தான் வெட்டச் சொல்லியிருக்கிறீர்கள்.

இந்தக் காட்சி பாடசாலை மேடையில் கெட்டுப்போவதை நாங்கள் மறுக்கவில்லை. கெடுவதற்குக் காரணம் மேடையமைப்பு. அரசனை மேடையின் ஓரத்தில், பக்கவாட்டாக மண்டியிட வைப்பார்கள். ஹம்லெற் அவன் காதருகே நின்று ஒலிவாங்கிக்காகக் கத்துவான். சபை சிரித்துவிடும். அரசனை மேடையின் முன்புறம் நடுவில், சபையைப் பார்த்தபடி மண்டியிட வைக்க வேண்டும். ஹம்லெற் அவனுக்கு ஆறடி பின்னே, ஒரு பக்கம் விலகி நிற்க வேண்டும். இருவர் முகமும் ஒரே நேரத்தில் தெரியும். ஒலிவாங்கி ஒன்றுதான் என்றால் அதை நடுவில் உயரத்தில் தொங்கவிட்டு, ஹம்லெற் பேசத் தொடங்கியதும் அரசன் உதட்டசைவோடு நிறுத்திக்கொள்ளலாம். வாளை உருவுவதும் திரும்ப இடுவதும் மெதுவாக நடக்க வேண்டும், இரண்டுக்கும் இடையில் மத்தளம் வேண்டாம். எல்லாவற்றையும் விடப் பெரிய பிழை, ஹம்லெற் போனவுடனேயே திரையை இழுப்பது. அரசன் எழும்பி அந்தக் கடைசி வசனத்தைச் சொல்லாவிட்டால் காட்சியின் பொருளே தலைகீழாகிவிடும். சபை, அரசன் உண்மையாகவே மன்னிப்புப் பெற்றுவிட்டான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும். நடுவர்கள் புள்ளி குறைக்க வேண்டிய இடம் இது.

அடுத்தது அரசனின் ஆலோசகர் பொலோனியஸ். கொல்லக்கூடிய இடத்தில் கொல்லாதவன், சில நிமிடங்களில் தாயின் அறையில் திரைச்சீலைக்குப் பின்னால் சத்தம் கேட்டதும் யாரென்று பாராமல் குத்துகிறான். செத்தது வேறொருவர். பொலோனியஸ், ஹம்லெற் காதலித்த ஒபீலியாவின் தகப்பன். அதன் பிறகு தாயோடு பேசும் முழு நேரமும், ஏறக்குறைய இருநூறு வரிகள், அந்தச் சடலம் அங்கேயே கிடக்கிறது. பல குழுக்கள் பொலோனியஸ் விழுந்ததும் விளக்கை அணைத்து ஆளை எடுத்துவிடுகின்றன. அப்படிச் செய்யக் கூடாது. தாய்க்கு அறம் போதிக்கிற மகனின் காலடியில் அவன் செய்த கொலை கிடப்பதைச் சபை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். திரைக்கு இரண்டு கடும் நிறச் சீலைகளைக் கயிற்றில் மடித்துப் போட்டால் போதும். குத்தும்போது நடிகர் சீலையைப் பற்றிக்கொண்டு விழ, ஒரு சீலை அவர்மேல் சரிய வேண்டும். அதற்கேற்ப ஒரு பக்க முடிச்சு இலகுவாகக் கழரும்படி இருக்கட்டும். வெள்ளைச் சீலை பாவிக்க வேண்டாம். இங்கே வெள்ளைத் துணியால் மூடிய உடலைப் பார்த்து வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். நாடகத்துக்கு அது தேவையுமில்லை.

கடிதக் காட்சியை எடுத்துவிடச் சொன்னதுதான் எங்களை அதிகம் வருத்தியது. கிளோடியஸ், ஹம்லெற்றை இங்கிலாந்தில் கொன்றுவிடும்படி எழுதிய ஓலையைப் பழைய நண்பர்கள் இருவரிடம் கொடுத்து அனுப்புகிறான். ஹம்லெற் கப்பலில் அதைப் பிரித்து, கொண்டுவருபவர்களைக் கொல்லும்படி மாற்றி எழுதி, தந்தையின் முத்திரை மோதிரத்தாலேயே முத்திரையிடுகிறான். பாவமன்னிப்புக்குக்கூட அவகாசம் கொடுக்கக் கூடாது என்றும் எழுதுகிறான். ஓலையில் இருந்தது என்னவென்று அந்த இருவருக்கும் தெரியும் என்று நாடகம் எங்கும் சொல்லவில்லை. பின்னர் நண்பன் ஹொரேஷியோவிடம், அவர்கள் என் மனச்சாட்சியை உறுத்தவில்லை என்கிறான். இதை எடுத்துவிட்டால் ஹம்லெற் தூய வீரனாகிவிடுவான். பழியுணர்ச்சி வளர்க்கும் நாடகம் எதுவென்று கேட்டால், பழிவாங்குபவனைக் கறையில்லாமல் காட்டும் நாடகம்தான் என்போம். வன்முறையைக் குறைப்பதாக நினைத்து நீங்கள் செய்யச் சொல்வது அதைத்தான்.

லேயர்ட்டிசும் அப்படித்தான். பொலோனியசின் மகன், தகப்பனை இழந்த இன்னொருவன். ஹம்லெற் தயங்குகிற இடங்களில் எல்லாம் இவன் தயங்குவதில்லை. கோயிலுக்குள்ளேயே கழுத்தை அறுப்பேன் என்கிறான். அதைக் கேட்டு, பழிக்கு எல்லையே இருக்கக் கூடாது என்று ஆமோதிப்பது யார்? கொலைகாரன் கிளோடியஸ். எல்லையற்ற பழியைப் புகழும் சொல்லை ஆசிரியர் அந்த வாயில்தான் வைத்திருக்கிறார். இந்த இரண்டு வரியை உயர்தர வகுப்பில் ‘நாடகமும் அரங்கியலும்’ படிக்கும் ஒரு பிள்ளையிடம் கொடுத்து விளக்கம் கேட்டுப் பாருங்கள். நாடகம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று அந்தப் பிள்ளை சொல்லும்.

முடிவுக்கு வருவோம். வாளைக் கீழே போடச் சொல்கிறீர்கள். ஆனால் கடைசிக் காட்சியில் ஹம்லெற் கொல்வதற்காக வரவில்லை, வாள்விளையாட்டுக்கு வருகிறான். அதற்கு முன்னர் லேயர்ட்டிசிடம் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கிறான். சதி செய்தவர்கள் கிளோடியசும் லேயர்ட்டிசும். ஒரு வாளின் முனை மழுங்காதது, நஞ்சு பூசியது. கிண்ணத்திலும் நஞ்சு. வரிசையைக் கவனியுங்கள்: ஹம்லெற் இரண்டு தடவை லேயர்ட்டிசை வாளால் தொடுகிறான், அரசி கிண்ணத்தைக் குடிக்கிறாள், லேயர்ட்டிஸ் ஹம்லெற்றைக் காயப்படுத்துகிறான், கைகலப்பில் வாள்கள் மாறுகின்றன, ஹம்லெற்றின் கையால் லேயர்ட்டிஸ் காயப்படுகிறான், அரசி விழுகிறாள். அதன் பிறகு லேயர்ட்டிஸ் அரசவை நடுவே உண்மையைச் சொல்கிறான். அந்த நிமிடம்வரை அவையில் மற்றவர்களுக்குத் தெரியாமல் கிடந்த அரசனின் குற்றம் பகிரங்கமாகிறது. அதற்குப் பிறகுதான் ஹம்லெற் அரசனைக் குத்துகிறான். அப்போதும் அவன் தந்தையின் பெயரைச் சொல்வதில்லை, என் தாயின் பின்னே போ என்கிறான். சாகும் லேயர்ட்டிஸ், நாம் ஒருவரையொருவர் மன்னித்துக்கொள்வோம் என்கிறான். ஹம்லெற் அதை ஏற்கிறான். நீங்கள் கேட்ட மன்னிப்பு நாடகத்திலேயே இருக்கிறது, தவறை ஒப்புக்கொண்ட இருவருக்கிடையில். ஒப்புக்கொள்ளாத அரசனுக்கு அது கிடைக்கவில்லை.

இது சபைக்கு விளங்க வாள் மாறுவது பின்வரிசைக்கும் தெரிய வேண்டும். முப்பது அங்குலக் கமுகஞ் சலாகையை இழைத்து, முனையில் இறப்பர் செருகி, நஞ்சு வாளின் பிடியில் மட்டும் கையகல சிவப்புத் துணி சுற்றுங்கள். கைகலப்பில் இரண்டு வாளும் நிலத்தில் விழ வேண்டும். ஹம்லெற் சிவப்புப் பிடியை எடுக்கும்போது லேயர்ட்டிஸ் அசையாமல் நின்று அதைப் பார்க்க வேண்டும், மனதுக்குள் நான்குவரை எண்ணலாம். இந்த இடைவெளியை விட்டுவிட்டுச் சண்டையை வேகமாக ஓட்டினால், சபைக்குத் தெரிவது நாயகன் அடித்தான், வில்லன் செத்தான் என்பதுதான். அந்த நேரத்தில் விழும் கைதட்டல் பிழையான கைதட்டல். போர்ட்டின்பிராஸ் வரும் கடைசி ஒரு நிமிடத்தையும் வெட்டக் கூடாது. ஹம்லெற்றின் தந்தை கொன்ற அரசனின் மகன் அவன். பழி முழுதும் தீர்ந்த பின்னர் நாடு அவனிடம் போகிறது. பழியின் விலை அது. நான்கு பிள்ளைகளும் ஒரு மேளமும் போதும்.

கண்ணகியிடம் வருவோம். வற்றாப்பளைக் கண்ணகி கோயிலில் வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிக்கும் மண்ணில், கோவலன் கூத்தை விடிய விடியப் பார்க்கும் மக்களிடம், மதுரை எரிவதைச் சுருக்குங்கள் என்று எப்படிச் சொன்னீர்கள்? சிலப்பதிகாரத்தில் பாண்டியன் தன் பிழை தெரிந்ததும் “யானோ அரசன் யானே கள்வன்” என்று விழுந்து உயிர்விடுகிறான். கிளோடியஸ் செய்ய முடியாததை அவன் செய்கிறான். அப்படியிருந்தும் கண்ணகி நகரை எரிக்கிறாள். எரிக்கும்போதும் அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுத் தீயவர் பக்கமே சேர் என்று தீக்கு எல்லை சொல்கிறாள். அந்த எல்லையும் நிற்கவில்லை. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் அவளைச் சாந்தப்படுத்தப் பொற்கொல்லர் ஆயிரம் பேரைப் பலியிட்டதாக நூலே சொல்கிறது. கோவலன்மேல் பொய் சொன்ன பொற்கொல்லன் ஒருவன், செத்தவர்கள் ஆயிரம். பழி எங்கே நியாயம், எங்கே அநியாயம் என்று நம்மவர் தலைமுறை தலைமுறையாக யோசித்து வந்திருக்கிறார்கள். யோசித்துக் கண்ட வழி, சினந்தவளுக்குக் கோயில் கட்டி, அவளைக் குளிர்விக்கும் குளிர்த்திப் பாடல் பாடுவது. அவளுடைய சினத்தை இல்லையென்று மறைக்க ஒருவரும் முயலவில்லை.

கிரேக்கத்திலும் இதே வழி உண்டு. கி.மு. 458இல் மேடையேறிய ஈஸ்கிலசின் முத்தொடரில், தந்தையைக் கொன்ற தாயை மகன் ஒரெஸ்டீஸ் கொல்கிறான். பழித் தேவதைகள் அவனைத் துரத்துகின்றன. அதீனா நீதிமன்றம் அமைக்கிறாள், வாக்குகள் சமமாகின்றன, அவன் விடுதலையாகிறான். சினங்கொண்ட அந்தத் தேவதைகளை அதீனா விரட்டவில்லை. ஊரிலேயே இடம் கொடுத்து வழிபாடும் கொடுக்கிறாள். பழியின் சங்கிலியை அறுத்தது விசாரணை. மன்னித்துவிடு என்று யாரும் கட்டளையிட்டதால் அது அறவில்லை.

உங்கள் விதியை ஆதரிப்பவர்கள், இன்னா செய்தாரை அவர் நாண நன்னயம் செய்துவிடச் சொல்லும் குறளை எடுத்துக்காட்டுகிறார்கள். பெரிய சொல், தலைவணங்குகிறோம். அது நாணத் தெரிந்தவர்களைப் பற்றியது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கி, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரம் இருந்து கேட்டது பழியை அல்ல. எங்கள் பிள்ளைகள் எங்கே என்று கேட்டார்கள். ஹம்லெற்றும் சாகும்போது ஹொரேஷியோவிடம் இனியும் பழிவாங்கும்படி கேட்கவில்லை. நீ இருந்து நடந்ததைச் சொல் என்றுதான் கேட்கிறான். உண்மை வெளிவராத இடத்தில் மன்னிப்பைப் போட்டி விதியாக்கினால், பிள்ளைகள் கற்பது மன்னிப்பை அல்ல, வாயை மூடிக்கொள்வதை.

பழிவாங்கலைக் கொண்டாடும் மோசமான நாடகங்களும் நம் மேடைகளில் வருகின்றன, அதில் உங்களோடு உடன்படுகிறோம். சினிமாப் பாட்டோடு நாயகன் வந்து ஆளாளாக வெட்டிச் சாய்ப்பவை. அவற்றுக்குப் புள்ளி குறையுங்கள். பிள்ளைகளின் மனநலம் பற்றிய கவலைக்கும் செய்யக்கூடியவை உண்டு. மூலநாடகத்தில் அரசன் கிண்ணம் உயர்த்தும்போதெல்லாம் பீரங்கி முழங்கும். இங்கே வெடிச்சத்தம் ஒலிநாடாவிலும் வேண்டாம், மேளத்தால் மூன்று தட்டு போதும். இரத்தத்துக்குச் சாயம் வேண்டாம், சிவப்பு நாடா உருவினால் போதும். சடலமாகக் கிடக்க விரும்பாத பிள்ளையை அந்தப் பாத்திரத்துக்கு வற்புறுத்தக் கூடாது. என்ன நடக்கப் போகிறது என்று தொடக்கத்தில் சபைக்குச் சொல்லிவிட வேண்டும். முடிந்ததும் அரைமணி நேரம் நடிகரும் பார்த்தவர்களும் இருந்து பேச வேண்டும்.

நேரமும் ஒரு சிக்கல். முழு நாடகமும் நான்கு மணி நேரம் ஓடக்கூடியது. நீங்கள் ஒதுக்கிய முப்பது நிமிடத்துக்குள் கொண்டுவரும் எவரும் முதலில் வெட்டுவது யோசிக்கும் இடங்களைத்தான், சண்டையை வெட்டமாட்டார்கள். நாற்பத்தைந்து நிமிடம் தந்தால் ஆவியின் கட்டளைக்கு ஆறு, நாடகத்துக்குள் நாடகத்துக்கு ஏழு, பிரார்த்தனைக்கு ஐந்து, தாயின் அறைக்கு எட்டு, லேயர்ட்டிசுக்கு ஆறு, கடிதத்துக்கு இரண்டு, வாள்விளையாட்டுக்கு ஒன்பது, போர்ட்டின்பிராசுக்கு ஒன்று என நாற்பத்துநான்கு நிமிடத்தில் அறம் கெடாமல் சொல்லிவிடலாம்.

ஆகவே நாங்கள் கேட்பவை:

பழிவாங்கல் கதைகளைத் தடுக்கும் விதியையும், மன்னிப்பு முடிவைக் கட்டாயமாக்கும் விதியையும் எழுத்தில் மீளப்பெறுங்கள். திருப்பி அனுப்பிய ‘ஹம்லெற்’ பிரதியை அந்த மூன்று இடங்களோடும் ஏற்றுக்கொள்ளுங்கள். கோவலன் கூத்தில் வழக்குரைக்கும் பகுதியிலும் மதுரை எரியும் பகுதியிலும் கைவைக்க வேண்டாம், சுருக்க வேண்டுமானால் எதைச் சுருக்குவதென்று கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் தீர்மானிக்கட்டும். துன்பியல் நாடகங்களுக்கு நாற்பத்தைந்து நிமிடம் கொடுங்கள். புள்ளித்திட்டத்தில், நாயகனின் பிழையை நாடகம் மறைக்காமல் காட்டுகிறதா, பழியில் அகப்பட்ட அப்பாவிகள் சபையின் கண்ணில் நிற்கிறார்களா என்ற இரண்டு கேள்விகளைச் சேருங்கள். மேலே சொன்ன பாதுகாப்பு ஏற்பாடுகளை எல்லாக் குழுக்களுக்கும் பொதுவிதியாக்குங்கள். இவற்றைப் பேச, பயிற்சியாளர்களையும் அண்ணாவிமாரையும் நடுவர்களோடு ஒரே மேசையில் இருத்தி ஒரு கூட்டம் வையுங்கள். பிரதிகளை ஒப்படைக்கும் கடைசித் திகதிக்கு இரண்டு கிழமை முன்னதாகவாவது பதில் தாருங்கள். வாள்விளையாட்டு ஒன்றை ஆபத்தில்லாமல் பழக்கி எடுக்க அவ்வளவு நாள் வேண்டும்.

இப்படிக்கு,
வன்னியில் கூத்தும் நாடகமும் பழக்குபவர்கள்